ஒரு பல் தள்ளி

அன்பு என்று பெயர் வைத்த ஆத்தாளைத்தான் சொல்ல வேண்டும். காரிமங்கலத்தில் பட்டறை வைத்திருக்கும் அந்த மெக்கானிக்கை ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது. நானும் அன்பண்ணா, அன்பண்ணா என்றுதான் கூப்பிட்டேன், இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். முன்பெல்லாம் நான் கூப்பிட்டால் தலையைக்கூடத் தூக்க மாட்டார். இப்போது கையில் இருக்கும் ஸ்பேனரைப் போட்டுவிட்டு எழுந்து வருகிறார். மனசு மாறி வருகிறார் என்று யாரும் நினைக்க வேண்டாம். வர வைத்தேன்.

என் பெயர் இசபெல்லா. காரிமங்கலம் கார் ஸ்டாண்டில் இருக்கும் ஒரே பெண் டிரைவர். எட்டுப் பேர் உட்காரும் பழைய டீசல் வண்டி, சொந்த வண்டி. என் வீட்டுக்காரர் மரிய ஆனந்துக்குத் தக்காளி போடத் தெரியும், ஸ்டீயரிங் பிடிக்கத் தெரியாது. அதனால் வண்டி என் பொறுப்பு. கான்வென்ட் பள்ளி டீச்சர்களைத் தினமும் தர்மபுரியிலிருந்து கூட்டி வந்து திரும்பக் கொண்டுபோய் விடுவது என் நிலையான சவாரி. மற்ற நேரத்தில் ஆஸ்பத்திரி, கல்யாணம், கோயில் என்று எது வந்தாலும் போவேன். என்னை நம்பிக் குழந்தையோடு ஏறுகிற பெண்கள் அதிகம். அந்த நம்பிக்கைதான் என் தொழில்.

ஆயுத பூஜைக்கு முன்னால் டேஷ்போர்டில் டைமிங் பெல்ட் விளக்கு எரிந்தது. எஞ்சினில் கீழே சுற்றும் தண்டையும், மேலே வால்வுகளைத் திறந்து மூடும் தண்டையும் ஒரே தாளத்தில் சுற்ற வைக்கிற பல் வைத்த ரப்பர் பட்டை அது. ஆயுசு முடிந்தால் மாற்றியே ஆக வேண்டும். அன்புவிடம் விட்டேன். பூஜை முடிந்து வண்டியை எடுத்த காலையிலேயே அது பழைய வண்டியாக இல்லை. சாவியைத் திருப்பியதும் எழுந்திருக்கிற எஞ்சின், செல்ஃப் மோட்டார் அழ அழச் சுற்றிய பிறகுதான் உயிர் பெற்றது. பின்னால் கறுப்புப் புகை. மேடு வந்தால் இழுவையே கிடையாது.

திரும்பக் கொண்டுபோனேன்.

"டீசல் சரியில்லம்மா. எந்த பங்க்குல போட்ட?" என்றார். டீசல் பில்டரை மாற்றினார். மாறவில்லை. இன்ஜெக்டர் அடைப்பு என்றார், கழற்றிக் கழுவினார். மாறவில்லை. அப்புறம் ஏர் பில்டர், அப்புறம் டர்போ. ஒவ்வொரு தடவையும் சந்தைக்கடை வரைக்கும் சமதரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப பாரு, பூ மாதிரி போவுது" என்று சாவியைக் கொடுப்பார்.

"பெல்ட்டு மாத்துன அன்னையில இருந்துதானேண்ணா இப்பிடி இருக்குது. அந்தக் கவரைத் தொறந்து ஒருவாட்டி பாத்துருங்களேன்" என்றேன்.

"நான் மாட்டுன பெல்ட்ட நானே தொறந்து பாக்கணுமா? எனக்கு வேல கத்துக் குடுக்கறியாம்மா நீ?"

சரி, பெரிய மெக்கானிக், கோபம் வருவது இயற்கைதான் என்று விட்டேன். அங்கேதான் ஏமாந்தேன்.

டீச்சர்களை ஒரு பயிற்சிக்காகச் சேலம் கூட்டிப்போய்த் திரும்பி வந்த சாயங்காலம். தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் வண்டி படுத்துக்கொண்டது. முதல் கியரில் ஊர்ந்தது. இரும்பு ஏற்றிய லாரிகள் ஆரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போயின. டீச்சர் ஒருத்தி ஜெபமாலையை எடுத்துவிட்டாள். பள்ளியின் மதர் முன் சீட்டில் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தார். எப்படியோ மேலே ஏற்றிப் பத்திரமாகக் கொண்டு வந்து விட்டேன். மறுநாள் மதர் ஆள் அனுப்பி அன்புவிடம் விசாரித்திருக்கிறார்.

அன்பு அதற்குப் பதில் சொன்னது ஸ்டாண்டு டீக்கடையில், அத்தனை டிரைவர்கள் நடுவில். நான் வண்டிக்கு அந்தப் பக்கம் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அது தெரியாது.

"வண்டி சுத்தமா இருக்குதுப்பா. பொம்பள கையில குடுத்தா கிளட்ச்சு மேலயே கால வெச்சிகிட்டு ஓட்டும். எஞ்சின் பாவம் என்னா பண்ணும்?"

சிரித்தார்கள். நான் பிரசவத்துக்குக் கூட்டிப்போன பெண்களின் புருஷன்மார் இரண்டு பேரும் அதில் சிரித்தார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். இங்கே கூடத்தைக் கோணலாகக் கட்டியவனே ஆடுகிறவளுக்குக் கால் ஊனம் என்கிறான்.

அந்த வாரமே டீச்சர் சவாரி நின்றது. "டீச்சருங்க சொல்லுறாங்கம்மா, பயமா இருக்குதாம்" என்றார் மதர், என் முகத்தைப் பார்க்காமல். போனில் கூப்பிடுகிற வாடிக்கைகள் வேறு டிரைவர்களைக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் சாமியார் மன்னிப்பைப் பற்றி நன்றாகத்தான் பிரசங்கம் செய்தார். நான் முழங்காலில் நின்று பெல்ட்டைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆள் தன் வாயாலேயே, இதே ஸ்டாண்டு ஆட்கள் காதில் விழும்படி, தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அது கிடைக்கிறவரை சோறும் இறங்கவில்லை.

தர்மபுரியில் அப்சல் என்று ஒரு மெக்கானிக் இருக்கிறார், என்னைவிடச் சின்னவர். அவரிடம் போய், "பெல்ட்டுக் கவரை மட்டும் தொறந்து காட்டு தம்பி" என்றேன். திறந்தார். கீழ்ச் சக்கரத்தைத் திருப்பி அதன் கோட்டை அதன் இடத்தில் நிறுத்தினார். அப்படி நிறுத்தினால் மேல் சக்கரத்தின் கோடும் அதன் இடத்தில் வந்து நிற்க வேண்டும். நிற்கவில்லை. அந்த இடத்தில் ஒரு மஞ்சள் பொட்டு நின்றது. நடுவில் மங்கலாகச் சிவப்பு.

"யாரோ பெயிண்ட்ல மார்க் வெச்சிருக்காங்கக்கா. அத நம்பி மாட்டிட்டாங்க. கம்பெனிக் கோடு இந்தாண்ட இருக்குது பாருங்க, ஒரு பல்லு தள்ளி. அதான் வால்வு நேரம் தவறித் தெறக்குது. புகை, இழுவை இல்லாதது, எல்லாம் இதாலதான்."

நான் அந்தப் பொட்டை நகத்தால் ஓரத்தில் சுரண்டினேன். மாவாக உதிர்ந்தது. பெயிண்ட் மாவாக உதிராது. அது சந்தனம். நடுவில் இருந்தது குங்குமம்.

பழைய பெல்ட்டைக் கழற்றும் முன்னால் சக்கரத்தில் மஞ்சள் பெயிண்டால் அடையாளம் வைப்பது அன்புவின் வழக்கம். அந்த அடையாளத்தை வைத்துத்தான் புதியதை மாட்டுவார். என் வண்டியில் பழைய பெல்ட்டைக் கழற்றிய கையோடு பூஜை வந்துவிட்டது. பூஜை என்றால் பட்டறையில் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பார்கள். காயாத பெயிண்ட் அதிலேயே போயிருக்கும். அன்று சாயங்காலம் பொரியும் சுண்டலும் வாங்க நானும் போயிருந்தேன். அன்புவின் மகள் ஐஸ்வர்யா சந்தனக் கிண்ணத்தோடு ஜாக்கி, கம்ப்ரசர், சுத்தியல் என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். திறந்து கிடந்த என் எஞ்சினுக்குள்ளும் குனிந்து வைத்தாள். "உங்க வண்டிக்கும் வெச்சிட்டனுங்க அக்கா" என்று சிரித்தாள். மறுநாள் அவள் அப்பன் மகள் வைத்த பொட்டைத் தன் பெயிண்ட் என்று நம்பி பெல்ட்டை மாட்டியிருக்கிறார். பக்கத்திலேயே கம்பெனிக்காரன் வெட்டி வைத்த கோடு இருக்கிறது. அதைக் குனிந்து பார்க்க அவருக்கு உடம்பு வணங்கவில்லை.

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வருஷத்துக்கு ஒரு நாள் பொட்டு வைக்கிறது அந்த வீட்டுப் பழக்கம். பார்க்காமல் மாட்டிவிட்டு, கேட்டவளுக்கு ஓட்டத் தெரியாது என்று பட்டம் கட்டினாரே, அவர்தான் எனக்கு வேண்டும்.

"அர மணி நேர வேலக்கா. சரியா மாட்டிக் குடுத்துடறேன்" என்றார் அப்சல்.

"தொடாத தம்பி. கவரை அப்பிடியே மூடு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இங்கே சரி செய்துகொண்டு போனால் அன்பு என்ன சொல்வார்? "நான்தான் சொன்னனே, வண்டி நல்லாத்தான் இருக்குதுன்னு." படம் பிடித்துக் காட்டினால், தர்மபுரிக்காரன் கழற்றி மாற்றி வைத்துவிட்டான் என்பார். அவர் கையாலேயே திறக்க வேண்டும், நாலு பேர் பார்க்கத் திறக்க வேண்டும்.

"இப்பிடியே ஓட்டுனா ஆளுங்களுக்கு ஆபத்து இருக்குதா?" என்று கேட்டேன்.

"பெல்ட்டு இறுக்கமாத்தான் இருக்குது, நழுவாது. லோடு வெச்சு மேட்டுல ஏத்துனா சூடாகி நின்னுடும், அவ்ளோதான்."

"நின்னா போதும்" என்றேன். அவரிடமே ஒரு ஸ்பேனர் செட் வாங்கி, துணியில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்தேன்.

கந்தர் சஷ்டி முடிந்ததும் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஐஸ்வர்யாவுக்கு ஓமலூரில் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரை ஓமலூரிலிருந்து கூட்டி வர மூன்று வண்டி வேண்டும் என்று அன்பு ஸ்டாண்டுக்கு வந்தார். எங்கள் ஸ்டாண்டில் ஒரு சட்டம் உண்டு. நேரில் வந்து கேட்டால் வரிசைப்படிதான் வண்டி. வரிசையில் நிற்கிற வண்டியை வேண்டாம் என்று தள்ள யாருக்கும் உரிமை இல்லை. போனில் யாரும் என்னைக் கூப்பிடாததால், நின்று நின்று என் வண்டி வரிசையில் முதலாவதாக நின்றது. அதையும் அந்த ஆளே செய்து கொடுத்தார் என்று சொல்ல வேண்டும்.

"அந்த வண்டி வேணாம் இன்னாசி" என்றார் அன்பு. இன்னாசி அண்ணன்தான் ஸ்டாண்டுத் தலைவர்.

"ஏன், வண்டி நல்லா இருக்குதுன்னு நீதான சொன்ன?" என்று கேட்டார் இன்னாசி.

"வண்டி நல்லாத்தான் இருக்குது. ஓட்டுறதுதான்..."

நான் போய் அவர் கையைப் பிடித்து, உள்ளங்கையில் சாவியை வைத்தேன்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்கண்ணா, ஒத்துக்கறேன். நீங்களே ஓட்டுங்க. சம்பந்தி வூட்டுக்காரங்கள நீங்களே கூட்டிகிட்டு வந்தா அவங்களுக்கும் பெருமதானுங்க. நான் பக்கத்துல உக்காந்து கிளட்ச்ச எப்பிடி மிதிக்கறதுன்னு பாத்துக் கத்துக்கறேன்."

டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மடியில கனம் இல்லாதவருக்கு வழியில என்னா பயம், அன்பு?" என்று இன்னாசி சிரித்தார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு அன்புவால் சாவியைத் திருப்பித் தர முடியவில்லை.

போகும்போது இறக்கம். வண்டியில் நாங்கள் இரண்டு பேர்தான். அது தன்பாட்டுக்கு உருண்டது. அன்பு சரிகை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக, பார்த்தாயா என்பது போல விசிலடித்துக்கொண்டே ஓட்டினார்.

ஓமலூரில் மாப்பிள்ளையின் அப்பா, அம்மா காவேரியம்மாள், பெரியப்பா, அத்தைகள் என்று பெரியவர்கள் எல்லாம் எங்கள் வண்டியில் ஏறினார்கள். பெண்ணின் அப்பாவே ஓட்டுகிறார் என்றால் அந்த வண்டிக்குத்தானே மரியாதை. மாப்பிள்ளையும் மற்றவர்களும் பின்னால் வந்த இரண்டு வண்டிகளில். அதில் ஒன்றை இன்னாசி ஓட்டினார்.

தொப்பூர் ஏற்றம் ஆரம்பித்தது. மூன்றாம் கியரில் தொடங்கினார், இரண்டாவதுக்கு வந்தார். ஆக்சிலேட்டரை அடிவரைக்கும் மிதித்தார். நான் அவர் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கியருக்கு வந்தார். பின்னால் கறுப்புப் புகை, அதற்குப் பின்னால் லாரி ஆரன். "என்னாங்க சம்பந்தி, நடந்தே போயிருக்கலாம் போலிருக்குதே" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. வண்டிக்குள் சிரித்தார்கள். அன்புவின் கழுத்தில் வேர்வை இறங்கியது. அந்த வேர்வையைப் பார்க்க எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன்.

சூட்டு முள் உச்சிக்குப் போனது. வளைவு தாண்டி ஓரம் அகலமாக இருந்த இடத்தில் அவர் ஒதுக்கவும் எஞ்சின் நிற்கவும் சரியாக இருந்தது. நான் முதலில் குதித்து, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்தேன். பெரியவர்களைக் கைப்பிடித்து இறக்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் நிழலில் நிறுத்தினேன். மற்ற இரண்டு வண்டிகளும் வந்து ஓரம் கட்டின. மாப்பிள்ளை இறங்கி வந்தான். இன்னாசி இறங்கி வந்தார்.

பானெட் முன்னால் நின்ற அன்புவிடம் ஸ்பேனர் சுற்றிய துணிமூட்டையை நீட்டினேன்.

"எஞ்சின் கொஞ்சம் ஆறட்டும். அப்புறம் டைமிங் கவரத் தொறங்க அண்ணா."

"இங்க எதுக்கு? தண்ணி ஊத்துனா போயிடும்."

"கிளட்ச்ச நல்லாத்தான் மிதிச்சீங்க. நான் பாத்துகிட்டேதான் வந்தேன். அப்ப வேற என்னமோதான இருக்கணும். தொறங்க."

"தொறயேன்யா, என்னாதான் இருக்குதுன்னு பாக்கலாம்" என்றார் இன்னாசி.

அதற்குள் காவேரியம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகப் பேச ஆரம்பித்திருந்தார். மெதுவாக என்றாலும் எல்லாருக்கும் கேட்டது. "நிச்சயத்துக்குப் போற வண்டி பாதி மலையில நிக்குது. எனக்கென்னமோ சகுனம் சரியாப் படல. பொண்ணோட ராசி எப்பிடியோ." பக்கத்தில் இருந்தவள் தலையை ஆட்டினாள். மாப்பிள்ளையின் பெரியப்பா, "இன்னும் தட்டு மாத்தலையே, யோசிக்கலாம்" என்றார்.

அன்புவின் முகம் வெளுத்தது. இதை நான் திட்டம் போடவில்லை. நான் வலை விரித்தது அவருக்கு மட்டும்தான். ஆனால் வந்து விழுந்ததை வேண்டாம் என்று தள்ளவும் இல்லை.

அவர் சட்டைக் கையை மடித்தார், கவரின் போல்ட்டுகளைக் கழற்றினார். கீழ்ச் சக்கரத்தைத் திருப்பி நிறுத்தினார். மேலே பார்த்தார். பார்த்த இடத்திலேயே கண் நின்றுவிட்டது. தன் மகள் விரல் வைத்த பொட்டு அது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சகுனமெல்லாம் ஒண்ணுமில்லீங்கம்மா" என்றார் காவேரியம்மாளிடம். "நான் மாட்டுன பெல்ட்டு. ஒரு பல்லு தள்ளி மாட்டிட்டேன். என் வேலையில தப்பு."

"கேக்கலைங்கண்ணா, லாரி சத்தம்" என்றேன்.

"தப்பு என்னுதுங்க." சத்தமாகச் சொன்னார். "வண்டியில தப்பு இல்ல. ஓட்டுற அம்மா மேலயும் தப்பு இல்ல. அவங்க நல்லாத்தான் ஓட்டுறாங்க. நான்தான் சரியா பாக்காம மாட்டிட்டு, அவங்கள ஊரெல்லாம் தப்பாச் சொல்லிட்டேன்."

இன்னாசி கேட்டார். இன்னொரு வண்டியின் டிரைவரும் கேட்டான். சாயங்காலத்துக்குள் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும். நான் இத்தனை நாள் பட்டினி கிடந்தது இந்த வார்த்தைகளுக்குத்தான். வயிறு நிறைய வேண்டும் இல்லையா? நிறையவில்லை.

காவேரியம்மாள் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார். "அது என்னா மஞ்சளா, செவப்பா? பொட்டு மாதிரி இருக்குது?"

அன்பு ஸ்பேனரைப் பிடித்தபடி அப்படியே நின்றார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உங்கள் வீட்டுக்கு வரப்போகிற பெண் வைத்த பொட்டு, அந்தப் பொட்டால்தான் எஞ்சின் படுத்தது என்று சொன்னால், கைராசி இல்லாத பெண் என்று அங்கேயே திரும்பிப் போயிருப்பார்கள். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கும்பிடு இருந்தது. டீக்கடையில் என்னைப் பேசிய அதே வாய் திறந்தபடி இருந்தது. நான் அவசரப்படவில்லை. அவரை நன்றாக ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.

"பெயிண்ட்டுங்கம்மா" என்றேன். "மெக்கானிக்குங்க அடையாளத்துக்கு வெக்கறது."

சரிகை வேட்டியில் கிரீஸ் படிய, அங்கேயே பெல்ட்டைத் தளர்த்தி, கோட்டுக்குக் கோடு நிறுத்தி மாட்டினார். சாவியை நானே கேட்டு வாங்கினேன். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் எழுந்தது. மீதி ஏற்றத்தை மூன்றாம் கியரில் ஏறினேன். புகை இல்லை. "நல்லா ஓட்டுறியேம்மா" என்றார் காவேரியம்மாள். பக்கத்து சீட்டில் அன்பு கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். துடைக்கத் துடைக்கக் கறை போகவில்லை.

நிச்சயம் நல்லபடியாக நடந்தது. பந்தியில் என்னைப் பெரியவர்களோடு உட்கார வைத்தார்கள். கை கழுவப் போன இடத்தில் அன்பு வந்து நின்றார்.

"காலம் பூரா அது பெயிண்ட்டாவே இருக்கட்டும்மா" என்றார்.

"அது நீங்க நடந்துக்கறதுல இருக்குதுங்கண்ணா."

மதர் மறுபடி கூப்பிட்டார். டீச்சர்கள் ஏறுகிறார்கள், பிரசவத்துக்கும் கூப்பிடுகிறார்கள். ஸ்டாண்டில் என் ஓட்டுதலைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் அன்புவே அதட்டுகிறார். தை மாதம் ஐஸ்வர்யா கல்யாணத்துக்கு மணப்பெண் வண்டி என் வண்டிதான். அந்தக் கதவை அவரே திறந்து பிடித்தார்.

மரிய ஆனந்த் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போதும் விடு. அவருதான் தப்ப ஒத்துகிட்டாரே" என்றார்.

ஒத்துக்கொண்டார்தான். மகளுக்காக ஒத்துக்கொண்டார், எனக்காக இல்லை. நான் அவர் பட்டறைப் பக்கம் வண்டியைத் திருப்பும்போதெல்லாம் அவர் கண்ணில் ஒரு பயம் வருகிறதே, அதுதான் எனக்காக வருகிறது. அதை எதற்கு விட வேண்டும்?

ஐஸ்வர்யா ஓமலூரில் நன்றாக இருக்கிறாளாம், மாமியாருக்கு அவள் மேல் உயிராம். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. ஞாயிறு தவறாமல் மெழுகுவர்த்தி ஏற்றி அவளுக்காக வேண்டிக்கொள்கிறேன், பொய் இல்லை. அவள் அந்த வீட்டில் நல்ல பெயரோடு நூறு வருஷம் வாழட்டும். அவள் வாழ்கிறவரைக்கும்தான் அவள் அப்பனுக்கு என்னிடம் இழக்க ஏதாவது இருக்கும்.